ஆளில்லாத அறையில் விளக்கு

பதினொன்றாம் மாடியில், யாரும் இல்லாத ஓர் அறைக்குள் அவர் தலையை நீட்டிப் பார்த்தார். வராந்தாவின் இரு பக்கமும் ஒரு நோட்டம் விட்டார். பிறகு செல்போனை எடுத்து மளமளவென்று மூன்று படம் பிடித்தார்.

"என்ன சார் வேணும்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கை நிறைய வெள்ளை விரிப்புகளோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த மாடியின் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். ஓட்டல் மொத்தமும் அவளை மாடியக்கா என்றுதான் கூப்பிடும்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். உள்ள ஆள் இல்ல. ஆனா லைட்டு எரியுது, ஏசி ஓடுது. இது யார் வேலை?"

"என் வேலைதான் சார். விரிப்பு எடுக்க வண்டிக்குப் போனேன். ரெண்டே நிமிஷம்."

அவர் கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கிருந்த சின்னப் பெட்டியில் ஏதாவது ஒரு கார்டைச் சொருகினால்தான் அறைக்குக் கரண்ட் வரும். அதில் அவளுடைய கார்டு இருந்தது.

"வெளிய போகும்போது உருவிட்டுப் போகணும்னு தெரியாதா? இப்படி ரெண்டு ரெண்டு நிமிஷமாத்தான் ஊரே இருட்டாகுது."

தங்க வருகிறவர்களிடம் பேசி ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்பது மாடியக்காவுக்கு எப்போதோ புரிந்துவிட்ட விஷயம். "உங்க ரூமை இப்பவே சுத்தம் பண்ணிடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"மத்தியானம் நான் மீட்டிங்குக்குக் கீழ போனப்புறம் பண்ணு."

அவர் மின்சிக்கன ஆலோசகர். அந்த ஓட்டலின் முதலாளியம்மாவுக்கு ஊருக்கொன்றாக இன்னும் எட்டு ஓட்டல்கள் உண்டு. எல்லாவற்றிலும் கரண்ட் செலவைக் குறைக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று இன்று மதியம் முடிவாகிறது. அதற்காகத்தான் அவரை வெளியூரிலிருந்து வரவழைத்து, நகரத்தின் நட்டநடுவே, முழங்கால் வரை அமுங்கும் மெத்தையில் நேற்றே தங்க வைத்திருந்தார்கள். டிஃபன் சாப்பிட்டுத் திரும்புகிற வழியில் இப்படி மூன்று படம் மாட்டும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நேரே மெத்தையில் ஏறி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார். வீட்டில் ஒருத்தர் தும்முவதற்குக் கண்ணை மூடினால், அந்த நேரத்துக்கும் லைட்டை அணைத்துவிடுகிற மனுஷர் அவர்.

"ஹால் லைட்டை அணைச்சியா?"

"நீங்க ஊருக்குப் போனதுலேருந்துதான் பிள்ளைங்க வெளிச்சத்துல படிக்குதுங்க. அது பொறுக்கலையா உங்களுக்கு?"

"ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு என்ன சமைக்கலாம்னு யோசிக்காதே. யோசிச்சுட்டு அப்புறம் திற."

"சரிங்க. ஏன், குரல் இப்படி நடுங்குது?"

"மீட்டிங் இல்லியா. அந்தப் படபடப்பு."

படபடப்பெல்லாம் மதியம் காணாமல் போயிருந்தது. இரண்டாம் மாடி ஹாலில் ஆலோசகர் வெளுத்து வாங்கினார். நேற்றிரவு தான் பல் தேய்த்ததே இருட்டில்தான் என்று அவர் சொன்னபோது இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். கடைசியாக அந்த மூன்று படங்களையும் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்.

"நீங்க எவ்வளவு பெரிய மெஷின் வாங்கி வச்சாலும் பிரயோஜனம் இல்ல மேடம். ஓட்டை இங்க இருக்கு. முதல்ல இதை அடைக்கணும்."

முதலாளியம்மாவின் முகம் கறுத்தது. "மாடியக்காவை வரச் சொல்லுங்க" என்றார்.

ஆலோசகரின் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே இறங்கி வந்து கதவோரம் நின்றாள். சுவரில் ஓடிய படத்தில் தன் கார்டைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துல அக்கா மேல ஒரு புகாரும் வந்ததில்லீங்க மேடம்" என்று மானேஜர் இழுத்தார்.

"இத்தனை வருஷத்துல எத்தனை ரெண்டு நிமிஷம் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க" என்றார் ஆலோசகர். மானேஜர் தன் ஷூவைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நாளைலேருந்து நீ வர வேண்டாம்மா" என்றார் முதலாளியம்மா.

மாடியக்காவின் வேலையை நம்பி வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். அநியாயம் என்று ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சரியென்று தலையாட்டினாளே தவிர, கதவோரத்தைவிட்டு அவள் நகரவில்லை.

முதலாளியம்மா ஆலோசகர் பக்கம் திரும்பினார். "வேலை உங்களுக்குத்தான் சார். அக்ரிமெண்ட்டை இப்பவே டைப் பண்ணச் சொல்றேன். பேரு, பட்டமெல்லாம் சரியா வரணும், உங்க விசிட்டிங் கார்டு ஒண்ணு கொடுங்க."

ஆலோசகர் பர்ஸைத் திறந்தார். லேப்டாப் பையைத் துழாவினார். சட்டைப்பையில் கையை விட்டால் அறையின் சாவிக் கார்டுதான் வந்தது.

"நேத்து கடைசியா ஒண்ணு இருந்துச்சு மேடம். அதுவும் தீர்ந்துபோச்சு போலிருக்கு."

"தீரலீங்கம்மா" என்றாள் மாடியக்கா. "சார் ரூம்ல சொருகி வச்சிருக்காரு, ஏசி இன்னும் அதுலதான் ஓடிட்டிருக்கு."