மகாராணி வெளியூர் போகிறாள்

“ஞானம், சீக்கிரம் டிஞ்சர் எடுத்துட்டு வா!”

“எந்தக் கோழிக்குங்க?”

“எனக்குத்தான்டி!”

விரலைப் பிடித்துக்கொண்டு புறவாசலிலிருந்து வந்தார் சத்தியநாதன். ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து அறுபத்தெட்டாம் வருஷம் ரிட்டையர் ஆனவர். சேலையூர் வீட்டின் பின்பக்கம் கம்பிவலை அடித்து வெள்ளை லெகார்ன் கோழிகள் வளர்க்கிறார். அவற்றில் பெரியவள் மகாராணி. மருமகள் யூனிஸ் கல்யாணமாகி வந்தபோது ஊரப்பாக்கத்திலிருந்து மூன்று நாட்டுக்கோழிகளைக் கூடவே கொண்டுவந்தாள். அவற்றைத் தீவனத்தட்டுப் பக்கமே அண்டவிடாமல் கொத்தித் துரத்துகிறாள் மகாராணி. ஒன்றின் முதுகில் இறகே இல்லை. விலக்கப்போன சத்தியநாதனுக்கும் இன்று பங்கு கிடைத்துவிட்டது.

“ஆபீஸ்ல இத்தனை வருஷம் ஒரு பியூன்கூட என் பேச்சைக் கேட்டதில்லை. கோழியா கேட்கப்போகுது?”

தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

யூனிஸ் காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார்.

“ஏம்மா, உங்க ஊரப்பாக்கத்துல காபிக்கொட்டையை வெந்நீருக்குக் காட்டிட்டு எடுத்துடுவாங்களா?” சிரித்தார். “சும்மா தமாஷ். என் பேச்சையெல்லாம் பெரிசா எடுத்துக்காதே. இந்த வீட்ல என் மதிப்பு மகாராணிக்கும் கீழேதான்.”

யூனிஸ் தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டாள். மனைவி ஞானசௌந்தரி டிஞ்சரைச் சற்று அழுத்தியே தடவினாள்.

“சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போறாளாம். துணிமணி எல்லாத்தையும் பெட்டியில எடுத்து வைக்கிறா. திரும்பி வர்ற மாதிரி தெரியலைங்க.”

சத்தியநாதனுக்குப் பகீரென்றது. யூனிஸைப் பார்த்துப் பார்த்து மகனுக்குக் கட்டி வைத்தவரே அவர்தான்.

“மூணு கோழிக்காகவா? அதான் பொண்ணு இப்படி இளைச்சுட்டா. நான் டேபிள்ல இருந்தா பக்கத்துல வர்றதேயில்லை. நான் எழுந்த அப்புறம் ஏதோ கொறிக்கிறா. அவ கோழி பட்டினி கிடந்தா அவளுக்கு எப்படிச் சோறு இறங்கும்?”

ஞானசௌந்தரி டிஞ்சர் பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றே பெருங்களத்தூருக்கு ஓடினார். அங்கே கோழிப்பண்ணை வைத்திருக்கும் லோகநாதனிடம் யோசனை கேட்டுக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உற்சாகமாக உட்கார்ந்தார்.

“நீயும் உட்காரும்மா யூனிஸ். இந்தக் குழம்பு வச்சதுக்குத் தண்டனை எங்களுக்கு மட்டும்தானா?”

யூனிஸ் கரண்டியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். சத்தியநாதன் விஷயத்துக்கு வந்தார்.

“இதுவரைக்கும் நான் பண்ணினது எல்லாமே முட்டாள்தனம். நடுவுல வலை கட்டினேன், கவனம் திரும்பட்டும்னு கீரையைத் தொங்கவிட்டேன். ஒண்ணும் நடக்கலை. கொத்து வாங்குறதைப் பிரிக்கக் கூடாதாம், கொத்துறதைத்தான் பிரிக்கணுமாம். ஒரு வாரம் கண்காணாத இடத்துல கொண்டுபோய் விட்டுட்டா, மிச்சமெல்லாம் பயமில்லாம சேர்ந்து சாப்பிட்டுப் பழகிடும். அப்புறம் அது திரும்பி வந்தா, அதுதான் இங்கே புதுசு. வாலாட்டாது!”

மகன் எலியேசர் அம்மாவைப் பார்த்தான். அம்மா மகனைப் பார்த்தாள். தன் யோசனையில் வீடே அசந்துபோனதாக சத்தியநாதன் நினைத்துக்கொண்டார்.

“கேளம்பாக்கத்துல நம்ம கிருபா வீட்ல விட்டுடலாங்க,” என்றாள் ஞானசௌந்தரி. “நீங்களும் ஒரு வாரம் அங்கேயே இருந்துட்டு வாங்க. மகாராணிக்குப் புது இடம், பழகின ஆள் பக்கத்துல வேணுமில்ல?”

“கோழிக்கு நான் பி.ஏ.வா? சர்வீஸ்ல கிடைக்காத பிரமோஷன்!”

வெள்ளிக்கிழமை காலை மகாராணியைக் கூடைக்குள் வைத்து மூடிக்கொண்டு கிளம்பினார். யூனிஸ் கேட் வரை வந்து, “பத்திரமா போய்ட்டு வாங்க மாமா,” என்று சிரித்த முகமாக வழியனுப்பினாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! சத்தியநாதனுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பஸ்ஸில் கூடை கொக்கரித்தது.

“இன்னா சார், கோழியா கீது?” என்றார் கண்டக்டர். “அதுக்கும் டிக்கெட் வாங்கணும்.”

“அதுக்குத்தான்பா டிக்கெட். நான் சும்மா அதுக்குத் துணை.”

கேளம்பாக்கத்தில் மகள் கிருபா வாசலிலேயே காத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டவள், கூடை அசைவதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“இது என்னப்பா?”

“நம்ம மகாராணிதான். ஒரு வாரம் பிரிச்சு வைக்கணுமே! அண்ணன் நேத்து வந்து சொல்லலியா?”

“சொன்னாரே. யூனிஸ் ஒரு வாரமாவது உட்கார்ந்து நிம்மதியா சாப்பிடட்டும், அப்பாவை இங்கேயே வச்சுக்கோன்னு சொன்னாரே.” கிருபா அப்பாவையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தாள். “கோழியும் வருதுன்னு யாரும் சொல்லலியேப்பா!”