பிள்ளை எப்படி இருப்பான்?

தாய்க்கோழி ஒன்றின் ஒரே குஞ்சைக் கொன்றுவிட்டதென்று ஒரு கீரியைப் பிடித்து, நாய்கள் பொந்துக்குள் அடைத்து வைத்திருந்தன. அப்போதிலிருந்து பக்கத்து மரம் முழுக்க அதே பேச்சுதான்.

“பசின்னா தின்னிருக்குமே. அப்படியே போட்டுட்டுல்ல போயிருக்கு,” என்றது காகம்.

“பொறாமைதான். அதுக்குக் குட்டியே தங்கலையாம்,” என்றது மைனா.

“நீ சும்மா இரு. அது தாயில்லாம வளர்ந்த கீரியாம். தெரிஞ்சவங்க சொன்னாங்க,” என்றது காகம்.

மைனா விடவில்லை. கீழே எட்டிப் பார்த்து, “ஏம்மா கோழி, உங்களுக்குள்ள முன்பகை ஏதாச்சும் உண்டா?” என்று கேட்டது.

கோழி தலையைக் குனிந்துகொண்டது. காலையிலிருந்து ஒருத்தரும் அதன் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வழியாக வந்த கழுதை ஒன்று பக்கத்தில் நின்றது. “தங்கச்சி, பிள்ளையை நான் பார்த்ததே இல்லையே. எப்படி இருப்பான்?”

கோழி நிமிர்ந்தது. “மஞ்சளா இருப்பான் அண்ணே. கழுத்துல மட்டும் கருப்பு. எறும்பைக் கொத்துவான், அது கடிச்சதும் தலையை உதறுவான். உதறிட்டு மறுபடி அதையே துரத்துவான்.”

“அட போக்கிரி!” என்று கழுதை சிரித்தது. கோழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மேலேயிருந்து காகம் கத்தியது: “கழுதையாரே, நீர் சொல்லும். கீரி எதுக்காகச் செஞ்சிருக்கும்?”

“அப்புறம் வாரேன்ப்பா. இங்கே பிள்ளை எறும்பைத் துரத்திக்கிட்டிருக்கான்,” என்ற கழுதை, காது இரண்டையும் கோழி பக்கம் திருப்பிக்கொண்டது.

“நீ நல்லா இருப்பே அண்ணே,” என்று கோழி அதன் நிழலுக்குள் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கியது.