பட்டன் போன்

ரிப்பேர் என்பது மனித குல முன்னேற்றத்துக்கு எதிரான சதி என்று கம்பம் ஊரில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் வேல்பாண்டி. வைத்திருந்தது செல்போன் ரிப்பேர் கடை.

ஒரு பெண் பட்டன் போனை நீட்டினாள். "சார்ஜ் ஏறல."

"இதைப் போயி ரிப்பேர் பாக்குறவனுக்கு மூளையே கிடையாதுங்க. புது டச் போன் எடுங்க."

"டச் போன்ல கால் வந்தா எங்கப்பாவுக்கு எடுக்கத் தெரியாது, கட் பண்ணிருவாக. அப்படித்தான் மதுரை வரன் கைவிட்டுப் போச்சு."

வேல்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரிக்காதீக. இன்னைக்குச் சாயங்காலம் இன்னொரு மாப்பிள்ளை வீட்லருந்து இந்தப் போனுக்குக் கூப்பிடுறாக."

"அது எந்த ஊரு அதிர்ஷ்டசாலி?"

"இந்த ஊருதான். செல்போன் கடையாம். பேரு வேல்பாண்டியாம்."

ஸ்டூலைத் துடைத்து அவளை உட்காரச் சொன்ன வேல்பாண்டி, சத்தமில்லாமல் சால்டரிங் அயர்னைச் சூடுபண்ணத் தொடங்கினான்.