நிறுத்தாதே

பிள்ளைகள் பிறந்தபோது விற்றுவிட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைப் போலவே பழைய வண்டி ஒன்றை, ஓய்வுபெற்றதும் தேடி வாங்கினார் பொன்னுரங்கம். அவர் அதை இன்னும் ஒருமுறைகூட ஓட்டவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினால் பெட்ரோல் டியூப் ஒழுகியது. டியூபை மாற்றினால் செல்ஃப் எடுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டி ஸ்பேனரைச் சுவரில் எறிந்தார்.

"நீங்க தள்ளுங்க, நான் கியரைப் போட்டுப் பாக்கறேன்" என்று, குடும்பக் காரை ஓட்டிப் பழகிய மனைவி சுலோசனா ஏறி உட்கார்ந்தாள்.

வேறு வழியில்லாமல் தெருச்சரிவில் மூச்சிரைக்கத் தள்ளினார். வண்டி குலுங்கி, இருமி, சட்டென்று உறுமியது.

"நிறுத்தாதே! நின்னா மறுபடி எடுக்காது!" என்று கத்தினார்.

அவள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கலைந்த முடி முகத்தில் பறந்தது. அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"ஏனுங்க, ஓடிவந்து ஏறிக்கறீங்களா?" என்று வேகத்தைக் குறைத்தாள். இஞ்சின் திணறியது.

கதவுப்பிடியைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். "மிதி, மிதி!" என்றார் எரிச்சலோடு.

சுலோசனா மிதித்தாள். இந்தமுறை வளைவில் திரும்பாமல் நேராக மெயின் ரோட்டுக்கு விட்டாள்.