அழித்த விடைகள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் அம்சா. இந்த எண்பத்திரண்டாம் வருஷத்து ஆடிக் கிருத்திகை முடிந்து, காவடிக் கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போன மறுநாள்.

அம்சாவுக்கு அடுத்த வீடு கோதண்டபாணி வீடு. விசைத்தறிக் கொட்டகையில் அவனுக்கு வேலை. பெண்டாட்டி பத்மா, சொந்த அத்தை மகள். பி.எஸ்சி. படித்தவள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மத்தியானம் ரெண்டு மணிக்கு அவளை உள்ளே விட்டு வெளித்தாழ்ப்பாள் போடுவான். வாசலில் முக்காலி போட்டு, கையில் அலாரம் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிடுவான்.

யாராவது, "பத்மா இல்லியா?" என்றால்,

"உள்ளதான் கீறா. நாலு மணிக்கு வாங்க" என்பான்.

"படிச்ச பொண்டாட்டி ஆச்சே, பயம் இருக்கத்தானே செய்யும்!" என்று எதிர்வீட்டுக் கோமளவல்லி சத்தமாகவே சொல்வாள். "எங்க வூட்டுக்காரரு இப்பிடிக் காவலுக்கு உக்காந்தா, நான் நிம்மதியா தூங்குவேன்."

கூடச் சேர்ந்து சிரித்தவள்தான் அம்சாவும். கிருத்திகைக்கு முந்தின ஞாயிறு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணிக்குக் கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் அதட்டுகிற சத்தம். பிறகு பத்மா அழுகிற சத்தம்.

அம்சா விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

"இன்னா கோதண்டம் இது? பொண்ணைப் பூட்டி வெக்கறதும் இல்லாம அழ வேற வெக்கறியா? கேக்க ஆளில்லைனு நெனச்சியா?"

"வாங்கக்கா. நீங்களே கேளுங்க இவளை."

தரையில் தடியாக ஓர் இங்கிலீஷ் புத்தகம். ஒரு நோட்டு. பென்சில், ரப்பர்.

"டிசம்பர்ல மெட்ராஸ்ல பரீட்சைக்கா. தேறினா அகமதாபாத்துல ரெண்டு வருஷம் படிப்பு. பெரிய பெரிய கம்பெனிய நடத்தறதுக்குச் சொல்லித் தர்றாங்களாம். ஆசைப்பட்டது அவதான். வாரா வாரம் இந்தப் புத்தகத்துலேர்ந்து நூறு கேள்வி, ரெண்டு மணி நேரம். நடுவுல யாராச்சும் வந்து 'பத்மா, ஒரு டம்ளர் மோரு குடும்மா'னா போச்சு. அதுக்குத்தான் தாழ்ப்பா."

"திருத்தறது யாரு?"

"நான்தான்."

"நீ எதுவரைக்கும் படிச்சே?"

"மூணாங் கிளாஸு." அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "கேள்விக்கு நாலு பதில், நாலே இங்கிலீஷ் எழுத்துதானேக்கா. கடைசிப் பக்கத்துல பதில் போட்டிருக்குது. இது ஏணி. இது ரெண்டு தொப்பை. இது பிறை நெலா. இது ஒத்தைத் தொப்பை. அங்கியும் ஏணி, இங்கியும் ஏணின்னா சரி."

அம்சா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"மொத வாரம் எழுவத்தெட்டு சரி. அடுத்த வாரம் அறுவது. இன்னிக்கி நாப்பத்தொண்ணு."

"அதுக்குத் திட்டுவியா? வராததை வா வான்னா வந்துடுமா?"

"வராம இல்லக்கா."

நோட்டிலிருந்து ஒரு தாளை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். கொட்டகையில் அவன் வேலையே அதுதான். நெய்த துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்ப்பது.

"ரப்பர் போட்டு அழிச்சிருக்கா பாருங்க. அடியில தடம் தெரியுதா? ஏணி. புத்தகத்துலயும் ஏணி. அழிச்சிட்டு மேல எழுதியிருக்கறது ஒத்தைத் தொப்பை. இப்பிடி முப்பத்தேழு எடத்துல. அழிச்சது அத்தனையும் சரி. அழிச்சிட்டு எழுதினது அத்தனையும் தப்பு."

"சந்தேகம் வந்து மாத்தினேன் பாவா" என்றாள் பத்மா, தலையைத் தூக்காமல்.

அம்சா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழிச்சதுல ஒரு கேள்வி சொல்லும்மா. தமிழ்ல சொல்லு, கேப்போம்."

"நூத்தம்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு ரயிலு. மணிக்கு அம்பத்திநாலு கிலோமீட்டர் வேகம். எரநூத்திப்பத்து மீட்டர் பாலத்தைத் தாண்ட எத்தினி செகண்டு ஆவும்?"

"எத்தினி ஆவும்?"

"இருவத்திநாலு."

சொல்லிவிட்டுத்தான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அம்சாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டதாம். அரக்கோணம் ரயிலில் எத்தனையோ தடவை போனவள். பாலம் வந்தால் 'முருகா' என்று கண்ணை மூடிக்கொள்ளத்தான் தெரியும் அவளுக்கு.

"ஏம்மா அழிச்சே?"

"கை பாட்டுக்குச் சரியா எழுதிடுதுக்கா. அப்புறம்தான் நெனப்பு வருது. நான் போயிட்டா பாவாவுக்கு யாரு இருக்காங்க? படிச்சிட்டு வந்தாலும் ஊரு சும்மா இருக்குமா? பொண்டாட்டி ஆபீசரு, புருஷன் மூணாங் கிளாஸுனு பேசுவாங்களே..."

"ஏன், இப்ப பேசலியா?" என்றான் கோதண்டபாணி. "சந்தேகக்காரன்னாங்க, காவக்காரன்னாங்க. எல்லாத்தையும் கேட்டுகினுதானே வாசல்ல உக்காந்திருந்தேன். நான் எழுந்து பதில் சொல்லப் போயிருந்தா, உனக்கு ரெண்டு மணி நேரம் கெடச்சிருக்குமா?"

அம்சாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த வாரத்துலேர்ந்து பேனா."

இதைக் கேட்டதிலிருந்து, விளக்கேற்றும்போதெல்லாம் அந்த ரெண்டு பேரும் என் நினைப்பில் வந்துவிடுகிறார்கள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது. திருத்தணி மலைக்குப் போகிறவர்கள் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். பத்மா பேருக்கு வேண்டாம், அவள் எழுதிவிடுவாள். கோதண்டபாணி பேரைச் சொல்லுங்கள். நட்சத்திரம் அவனுக்கே தெரியாதாம். பேர் போதும்.