கண்ணாடியை இறக்காமல்

இன்ஜினியர் கஸ்தூரிரங்கன் கைக்குட்டையில் மறுபடியும் ஓடிகோலன் ஊற்றிக்கொண்டார்.

மே மாத மத்தியானம். அம்பாசிடரின் நான்கு கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்த பிலிப்புக்கு அந்த வாசனைதான் குமட்டியது.

வெளியே அடையாறு முகத்துவாரம் அதன் பாட்டுக்கு நாறிக்கொண்டிருந்தது. சர்வே வேலைக்கு வந்த பதினோரு வருடத்தில் அது அவனுக்குப் பழகிவிட்டது. ஊர்ச் சாக்கடை எல்லாம் கடைசியில் வந்து விழுகிற இடம். நாறாமல் என்ன செய்யும்? மந்தைவெளியில் இன்று காலையில் இந்த மனிதர் குளித்த தண்ணீரும் அதில்தான் வந்து கொண்டிருக்கும்.

ஆனால் மூக்கைப் பொத்துகிற உரிமை மட்டும் அவருக்கு.

அவர் மடியில் ஒரு படிவம் இருந்தது. தலைப்பு, 'அகற்ற வேண்டிய ஆக்கிரமிப்பு.' கீழே ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை.

அதற்குத்தான் பிலிப்பின் கையில் அந்தப் புதிய கருவி. செங்கல் அளவு இருக்கும். செயற்கைக்கோள்களைப் பிடித்து, நிற்கிற இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வினாடி சுத்தமாகச் சொல்லிவிடும். ஆபீஸுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

குப்பத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே பழைய எல்லைக் கல் ஒன்று உண்டு. கல்லுக்கு அந்தப் பக்கம், தண்ணீரை ஒட்டி இருக்கிற குடிசைகள்தான் போக வேண்டும். இறங்கி நடந்து, கல்லில் ஓர் அளவு, ஒவ்வொரு வாசலிலும் ஓர் அளவு எடுத்தால் விஷயம் முடிந்தது. கருவிகூட வேண்டாம். இறங்கி நின்று பார்த்தாலே போதும்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

தாயம்மா. முன்வரிசைக் குடிசைக்காரி. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கையில் இரண்டு கோலி சோடா, வந்தவர்களுக்கு.

"சார், எங்க பத்தொம்போது வூடும் கல்லுக்கு இந்தாண்டதான் கீது. எறங்கி ஒரு தபா பாத்துட்டுப் போ சார். கல்லு எங்கியும் ஓடிப் போவல."

கண்ணாடி வழியாக எல்லாம் கேட்டது. கஸ்தூரிரங்கன் அவளைப் பார்க்கவில்லை. அவள் கை பட்ட இடத்தில் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதிலைப் பார்த்தார். முகம் சுளித்து, இருக்கையின் மறுகோடிக்கு நகர்ந்தார்.

அவள் பத்தொன்பது குடும்பத்துக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாள். இவர் செதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார்." அவன் கை கதவுப் பிடியில் இருந்தது.

"கதவைத் தொறந்தே, இங்கேயே வாந்தி எடுத்துடுவேன் பிலிப். அதான் கையில வெச்சிண்டிருக்கியே, என்ன காட்டறதோ படி. எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு போட்டாப் போறும்."

"உள்ள உக்காந்து படிச்சா சார்..."

"படின்னா படி."

பிலிப் கருவியைப் பார்த்தான். திரையில் எண்கள் நின்றிருந்தன. ஓரத்தில் ஒரு சின்னக் குறி சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சிக்குக் கஸ்தூரிரங்கனும் போயிருந்தார், முதல் நாள் காலையில், வருகைப் பதிவில் மூன்று நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும்.

இன்னொரு முறை வாயைத் திறக்கலாமா என்று நினைத்தான். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களைப் பார்த்தான். திறக்கப் பிடிக்கவில்லை.

படித்தான். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வோர் எண்ணாக.

வடக்கே பதிமூன்று டிகிரி, ஒரு நிமிடம், நாற்பத்தொரு வினாடி. கிழக்கே எண்பது டிகிரி, பதினைந்து நிமிடம், ஐம்பத்தெட்டு வினாடி.

பதிமூன்றும் எண்பதும் சென்னைதான். கஸ்தூரிரங்கனுக்கு அது போதும். கட்டத்தில் எழுதினார். 'நேரில் சென்று சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தொடை மேல் வைத்து முத்திரையும் குத்தினார்.

"சரியா எழுதியிருக்கேனா பாரு."

பிலிப் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தான். ஒரு வினாடிகூடப் பிசகவில்லை. "சரியா இருக்கு சார்" என்றான்.

கார் கிளம்பியது. தாயம்மா சோடா பாட்டில்களோடு அங்கேயே நின்றாள். அவள் வாயசைவில் என்ன வசவு வந்தது என்று கேட்கவில்லை. அதில் பாதி தனக்கும் சேரும் என்று பிலிப்புக்குத் தெரிந்தது. இப்போது அவளிடம் எதுவும் சொல்லவும் முடியாது.

பிரதான சாலைக்கு வந்த பிறகு கஸ்தூரிரங்கன் கண்ணாடியை இறக்கி, மூச்சை இழுத்து விட்டார்.

காரின் தகரக் கூரைக்கு அடியில் அந்தக் கருவியால் எந்தச் செயற்கைக்கோளையும் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில், கடைசியாக எங்கே திறந்த வானத்தைப் பார்த்ததோ அந்த இடத்தின் எண்களையே அது காட்டிக்கொண்டிருக்கும். ஓரத்துக் குறி சிமிட்டுவது அதற்குத்தான்.

இன்றைக்கு அது திறந்த வானத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. காலையில், இன்ஜினியரை அழைத்துவரப் போனபோது, "அது என்னமோ இடம் காட்டறதாமே, எனக்கும் காட்டேன்" என்று அவர் மனைவி சூடாமணி மாமி ஆசையாகக் கேட்டார்.

பிலிப் படியேறிப் போய்க் காட்டினான், காய்ந்துகொண்டிருந்த வடாத்துக்குப் பக்கத்தில் நின்று, கஸ்தூரிரங்கன் வீட்டு மொட்டைமாடியில்.