பனிக்கரடிக்கு லீவு

“கரடி இன்னைக்கு லீவு, டேப்பு” என்றார் மேற்பார்வையாளர்.

அவள் அவசரமாகப் பணிப் பட்டியலைப் புரட்டினாள். பனிக்கரடி வேடக்காரரின் விடுப்பு திங்கள் என்றிருந்தது. அவர் கேட்டது ஞாயிறு. எழுதியது அவள்தான். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் அந்தச் சிறுவர் பூங்காவில் எல்லோரும் அவளை டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு முறை அளப்பவள், தேதியை ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள்.

நோட்டை எடுத்து எழுதினாள்: ‘9-ம் தேதி, ஞாயிறு. தவறு என்னுடையது.’

“எழுதி என்ன பண்ண? பத்து மணிக்குக் கதவைத் திறக்கணும். புதுப் பனி உலகத்துக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். கரடி இல்லைன்னா பசங்க நம்மளைப் பிச்சிடுவாங்க.”

“நானே போட்டுக்கறேன் சார்.”

“நீயா? உங்க அப்பா வர்றார்னு சொன்னியே?”

அதுதான் அவளுக்கும் கவலை. அப்பா குளிர்சாதன மெக்கானிக். அவள் அரங்க வடிவமைப்பு படிக்க ஆசைப்பட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. “பொம்மை வீடு கட்டறதுக்கு ரெண்டு வருஷம் சாயங்கால வகுப்பா? பட்டறையில ஆளில்லாம தவிக்கறேன்” என்று ஆறு மாதமாகப் புலம்பல். கடைசியில், “வந்து பார்க்கறேன். நீ படிக்கறதா, பட்டறைக்கு வர்றதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்று இறங்கி வந்திருந்தார். கூடவே நடந்து விளக்கிச் சொல்ல அவள் நான்கு பக்கம் குறிப்பு எழுதி, அதை நேற்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்திருந்தாள்.

“விதி தெரியும்ல?” மேற்பார்வையாளர் கரடித் தலையை அவள்மேல் கவிழ்த்தார். “கரடி பேசக் கூடாது. உள்ள யாருன்னு வீட்டுல கூடச் சொல்லக் கூடாது.”

பூங்காவின் நான்கு பருவ உலகங்களில் குளிர்காலம்தான் சவலைப் பிள்ளை. பஞ்சு மலை, பிளாஸ்டிக் பென்குவின்கள். பிள்ளைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே ஓடிவிடுவார்கள். மாற்றியமைக்க வேறு யாரும் முன்வராததால்தான் அந்த வேலை அவளிடம் வந்தது. அவள் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு சுவர் நீளத்துக்குக் குளிர்ந்த கண்ணாடி வைத்தாள். வாயால் ஊதினால் ஆவி படியும். அதில் விரலால் எழுதலாம், வரையலாம். அவ்வளவுதான். போதுமா என்று இன்று காலை வரை அவளுக்கே சந்தேகம்.

பதினோரு மணிக்கு முப்பது பிள்ளைகள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நகர்வதாக இல்லை. அப்போதுதான் அப்பா வந்தார். கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு கரடியின் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன கரடியாரே, உள்ள புழுங்குதா?”

கரடி தலையை ஆட்டியது.

“இந்தக் கண்ணாடியைப் பார்த்தீங்களா? பசங்க ஊதினா படியுது, ஊதலைன்னா பளிச்சுன்னு இருக்கு. கண்ணாடியைக் குளிர வைக்க எந்த மடையனாலயும் முடியும். அது தானா வேர்க்காம இருக்கணுமே? அதுக்கு ரூம் காத்துல இருக்கற ஈரத்தை அளவாப் பிடிச்சு இழுக்கணும். எத்தனை நாள் மண்டையை உடைச்சிருக்கணும், சொல்லுங்க.”

பதினேழு நாள் என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“என் பொண்ணு பண்ணது” என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. “பட்டறையில பழைய ஃபிரிட்ஜ் கதவு ஒண்ணொண்ணா திறந்து வெச்சு ஊதிக்கிட்டு இருந்தா. மறை கழண்டுடுச்சான்னு திட்டினேன். இங்க பாருங்க, கண்ணாடி தரையிலேர்ந்து ஆரம்பிக்குது. தவழற குழந்தைக்கும் எட்டுது. முப்பது வருஷமா கூலிங் வேலை பார்க்கறேன். எனக்கு இது தோணியிருக்காது.”

கரடியின் கண்ணுக்கு முன்னால் இருந்த வலைத்துணி அவளுக்கு மங்கலாகத் தெரிந்தது.

“சார், கொஞ்சம் நகர்றீங்களா? கரடியோட ஒரு ஃபோட்டோ” என்றாள் ஒரு அம்மா.

“இருங்கம்மா, பேசிட்டு இருக்கோம்ல” என்ற அப்பா, இன்னும் கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான், கரடியின் தோளில் தட்டிக்கொடுத்துக் கிளம்பினார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வந்தீங்களாப்பா? எப்படி இருந்துச்சு?”

“பரவாயில்லை.”

அவள் காத்திருந்தாள். அடுத்த ஸ்பானரை எடுத்தாரே தவிர, அடுத்த வார்த்தை வரவில்லை. முன்பின் தெரியாத கரடியிடம் அத்தனை பேச்சு. பெற்ற மகளிடம் ஒரே ஒரு ‘பரவாயில்லை’. கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லவும் வழியில்லை.

“அப்போ... க்ளாஸ்?”

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வெந்நீர்ப் பை இருந்தது.

“இந்தா, கழுத்துல வெச்சுக்க. அந்தத் தலை அஞ்சு கிலோவாவது இருக்கும்.”

“எந்தத் தலைப்பா?”

“எந்தக் கரடி இடுப்புல அளவு டேப் தொங்கும்? உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பேச வராது. அதான் கரடி மூஞ்சியோட இருக்கறப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டேன்” என்றார் அப்பா. “நாளைக்கு ஆறரைக்குத்தானே க்ளாஸ்? ஆறு மணிக்கு ரெடியா இரு, கொண்டுபோய் விடறேன்.”